ரட்ஜ் வண்டியைப் பிரித்த பையன்



சாயந்திரம் மணி அடித்ததும் நம்ம கல்லூரி வண்டிக் கொட்டகைப் பக்கம் கொஞ்சம் நின்று பாருங்கள். பாதி பைக்குகளில் கம்பெனிக்காரன் மாட்டிக் கொடுத்த சைலன்சர் இருக்காது. ஒன்றை அறுத்திருப்பார்கள், ஒன்றில் உள்ளே இருக்கிற தடுப்புத் தகட்டை உருவியிருப்பார்கள், இன்னொன்றில் வெறும் குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்டார்ட் பண்ணினால் மூன்றாம் மாடி டிராயிங் ஹால் வரைக்கும் கேட்கும். 1996-இல் உற்பத்தி நின்றுபோன ஆர்.எக்ஸ். 100-ஐ இன்றைக்கும் தேடிப் பிடித்து வாங்கி வந்து, முதல் வேலையாக அதன் சைலன்சரை அறுக்கிற மகராசர்கள் நம்மிடையே உண்டு.

அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. டூ-ஸ்ட்ரோக் என்ஜினின் சைலன்சர் வெறும் சத்தம் குறைக்கிற டப்பா இல்லை. வயிறு பெருத்து, பிறகு ஒடுங்குகிற அந்த வடிவத்துக்குக் காரணம் உண்டு. வெளியே ஓடும் புகையின் அழுத்த அலை அந்த ஒடுங்கிய இடத்தில் மோதித் திரும்பி வந்து, புகையோடு சேர்ந்து நழுவி வெளியேறப் பார்க்கிற புதுப் பெட்ரோல்-காற்றுக் கலவையை மறுபடியும் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். அதை அறுத்துப் போட்டால் சத்தம்தான் கூடும், இழுவை போய்விடும். இதைச் சொன்னால் நம்ம பையன்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சத்தம் வந்தாலே வேகம் வந்துவிட்டதாக ஒரு நினைப்பு!

அவர்களைத் திட்டுவதற்காக நான் எழுத உட்காரவில்லை. போலீஸ்காரர் அபராதச் சீட்டு கிழிப்பார், அது அவர் வேலை. வண்டியைக் கண்டால் சும்மா ஓட்டிவிட்டுப் போக முடியாமல், கழற்றிப் பார்க்கணும், மாற்றிப் பார்க்கணும் என்று கை அரிக்கிறதே, அந்த அரிப்பு நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிராமத்துப் பையனுக்கும் வந்தது. அது அவனை எங்கே கொண்டுபோய் விட்டது, எங்கே முட்டி நின்றது என்று சொல்லத்தான் இந்தப் பக்கங்கள். அந்தப் பையன் ஜி.டி. நாயுடு.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் அவரை விஞ்ஞானி என்று படித்திருப்போம். இந்தியாவின் எடிசன் என்றும் பட்டம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பட்டம் அவ்வளவாகப் பிடிக்காது. ஆட்டோமொபைல் பிரிவில் படிக்கிறவன் கண்ணுக்கு அவர் முதலில் ஒரு வண்டிப் பைத்தியம். மற்றதெல்லாம் அப்புறம் வந்தது.

கோவைக்குக் கிழக்கே சூலூர்ப் பக்கம் கலங்கல் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1893 மார்ச் 23-ஆம் தேதி துரைசாமி பிறந்தார். அப்பா பெயர் கோபால்சாமி. அம்மா சீக்கிரமே இறந்துபோனார். பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. வாத்தியார் முகத்தில் மண்ணை வாரி வீசிவிட்டு ஓடினார் என்று கோயம்புத்தூர்ப் பக்கம் கதை சொல்வார்கள். எப்படியோ, மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது, காட்டு வேலைக்குப் போனார்.

ஊருக்கு ஒரு நாள் வெள்ளைக்கார ரெவின்யூ அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி தானாக ஓடுவதை அந்தப் பையன் அப்போதுதான் பார்க்கிறான். அது ரட்ஜ் என்ற இங்கிலாந்துக் கம்பெனி வண்டி. ஒற்றை சிலிண்டர். இன்றைக்கு நம்ம கொட்டகையில் கொண்டுவந்து நிறுத்தினால் பழைய இரும்புக் கடைக்குப் போகிற சாமான் என்றுதான் சொல்வோம். ஆனால் அந்தக் காலத்தில், மாட்டு வண்டித் தடத்தில் அது புகையைக் கக்கிக்கொண்டு போனதைப் பார்த்தவனுக்கு அப்புறம் தூக்கம் வந்திருக்குமா?

வாங்கணும். காசு? ஊரில் இருந்தால் கிடைக்காது. கோயம்புத்தூருக்குப் போனார், ஓட்டலில் சர்வராக வேலைக்குச் சேர்ந்தார். இலை போட்டு, தண்ணீர் வைத்து, எச்சில் மேஜையைத் துடைத்து, வருஷக்கணக்கில் சம்பளத்தை அப்படியே சேர்த்தார். சில நூறு ரூபாய் சேர்ந்ததும் அந்த மோட்டார் சைக்கிளையே வாங்கிவிட்டார். வாங்கினவர் ஊரைச் சுற்றி வந்து பெருமையடித்தாரா என்றால், இல்லை. மொத்தத்தையும் பிரித்தார். ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்த்தார், மறுபடி பூட்டினார், ஓட்டினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். நமக்கு ஒர்க்‌ஷாப் மேனுவல் இருக்கிறது, முடுக்கு அளவு போட்ட அட்டவணை இருக்கிறது, சந்தேகம் வந்தால் இன்ஸ்ட்ரக்டர் அண்ணன் இருக்கிறார். செல்போனைத் தட்டினால் படம் ஓடுகிறது. மூன்றாம் வகுப்புப் படித்த அந்தப் பையனிடம் இதில் ஒன்றும் கிடையாது. ஸ்பார்க் எந்த நேரத்தில் விழணும், வால்வு எப்போது திறக்கணும் என்பதை எல்லாம் அந்த இரும்பே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கணும். மேக்னெட்டோவை ஒரு பல் தள்ளிப் பூட்டினால் வண்டி உதைக்கும், ஸ்டார்ட் ஆகாது. சரியாகப் பூட்டுகிற வரைக்கும் மறுபடி கழற்றியே ஆகணும். நம்ம லேபில் ஒரு தடவை பூட்டி ரெக்கார்டில் கையெழுத்து வாங்கினால் தீர்ந்தது!

அடுத்த சில வருஷங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திருப்பூரில் பஞ்சுத் தொழில். முதல் உலகப் போர் நடந்த காலம் என்பதால் நல்ல லாபம் வந்தது. அந்தத் தைரியத்தில் பம்பாய்க்குப் போய்ப் பஞ்சு வியாபாரத்தில் இறங்கி, சம்பாதித்ததை விட்டுவிட்டுத் திரும்பினார். வண்டி தெரிந்தவனுக்குச் சந்தை தெரிந்திருக்கணும் என்று கட்டாயமா?

கோவையில் அப்போது ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் இருந்தார். இந்தப் பையனின் கைவேலை அவருக்குப் பிடித்துப்போனது. அவர் கொடுத்த கடனும் சேர்ந்துதான் ஒரு பஸ் வந்தது. 1920-இல் அந்த பஸ் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட ஆரம்பித்தது. டிரைவர் வேறு யாரும் இல்லை, முதலாளியேதான்.

மதுரைக்காரர்கள் இதைக் கவனிக்கணும். பழனி அப்போது நம்ம மதுரை மாவட்டம். 1985-இல் திண்டுக்கல் மாவட்டம் பிரிகிற வரைக்கும் அப்படித்தான். ஆக, நாயுடுவின் முதல் பஸ் தினமும் வந்து நின்றது நம்ம மாவட்டத்து மண்ணில். உடுமலைப்பேட்டை வழியாக ஏறக்குறைய 65 கிலோமீட்டர். இன்றைக்கு நாம் ஒன்றரை மணி நேரத்தில் தூங்கிக்கொண்டே போய்விடுவோம். அன்றைக்குக் கப்பி ரோடு, வழியில் ஒர்க்‌ஷாப் ஏது? அந்தக் காலத்து பஸ், லாரிகளைப் பொதுவாக ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் ஸ்டார்ட் பண்ணணும். ரேடியேட்டர் கொதித்தால் கிணற்றைத் தேடணும். பஸ் நின்றுவிட்டால் அத்தனை ஜனமும் இறங்கி நின்று டிரைவர் முகத்தைத்தான் பார்க்கும். அங்கே ரட்ஜைப் பிரித்துப் பூட்டிய கைதான் சோறு போட்டது.

ஒரு பஸ் பல பஸ் ஆனது. யு.எம்.எஸ். என்ற பெயரில் அவர் நடத்திய பஸ் கம்பெனி கோவை வட்டாரத்தில் பெரிதாக வளர்ந்தது. நேரம் தவறாமல் ஓட்டுவதில் கறாரான ஆள். கம்பெனி வளர்ந்ததை விட எனக்கு முக்கியமாகப் படுவது அதன் பின்னால் இருந்த பட்டறைதான். பஸ் சீமையிலிருந்து வருகிறது, உதிரி பாகமும் கப்பலில்தான் வரணும். அது வரும் வரை வண்டியை நிறுத்தினால் வருமானம் போச்சு. அப்படியானால் பாகத்தை நாமே கடைந்துகொள்ள வேண்டியதுதான். லேத் வந்தது, வார்ப்படம் வந்தது, கைத்திறன் உள்ள ஆட்கள் சேர்ந்தார்கள். நம்ம கே.புதூர் தொழிற்பேட்டையிலும் கப்பலூரிலும் இன்றைக்கு நடக்கிற வேலையின் அதே நியாயம்தான் இது. இல்லாத பாகத்துக்காகக் காத்திருக்க முடியாதவன் அதைச் செய்யக் கற்றுக்கொள்கிறான்.

1932-இல் பைக்காரா மின்சாரம் வந்தது. கோவை வட்டாரத்தில் மில்களும் கிணற்றுப் பம்புகளும் பெருகின. எல்லாவற்றுக்கும் மோட்டார் வேண்டும், அதுவும் வெளிநாட்டிலிருந்துதான் வரணும். 1937-இல் பீளமேட்டில் நாயுடுவின் தொழிற்சாலை, டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டாரை வெளியே கொண்டுவந்தது. பாலசுந்தரம் பிறகு டெக்ஸ்டூல் கம்பெனியைத் தொடங்கினார். கோயம்புத்தூர் என்றால் மோட்டார், பம்பு என்று இன்றைக்குச் சொல்கிறோமே, அதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

நடுவில் ஜெர்மனிக்கும் மற்ற நாடுகளுக்கும் போய் வந்தார். பேட்டரியில் ஓடும் ரேஸண்ட் என்ற சவரக் கருவி ஜெர்மனியில் தயாரானது. 1936-இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தானே காமிரா பிடித்துப் படமெடுத்தார். ரேடியோ, பருத்திச் செடி, வீடு கட்டும் முறை என்று அவர் கைவைக்காத துறையைத் தேடணும். அதையெல்லாம் எழுதினால் இந்த மலர் போதாது. நான் வண்டிக்கே திரும்பிவிடுகிறேன்.

1952-இல் அவர் ஒரு கார் செய்தார். இரண்டு பேர் உட்காரலாம், பெட்ரோல் என்ஜின், விலை 2,000 ரூபாய். அன்றைக்கு வந்துகொண்டிருந்த கார்களின் விலை இதைப் போலப் பல மடங்கு. வக்கீலும் மில் முதலாளியும் ஜமீன்தாரும் வைத்திருந்த காரை, ஒரு வாத்தியாரோ சின்னக் கடைக்காரரோ வைத்துக்கொள்ளலாம் என்று யோசித்திருக்கிறார். தயாரிக்க அரசாங்கத்திடம் அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. கார் அதோடு நின்றது.

ஏன் கிடைக்கவில்லை? 1951-இல் தொழில் வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 1952 மே மாதம் அது அமலுக்கு வந்தது. அதற்குப் பிறகு இன்ன பொருளை இன்னார்தான், இவ்வளவுதான் செய்யலாம் என்பதை டில்லிதான் தீர்மானிக்கும். நாட்டில் அந்நியச் செலாவணி கம்மி, இரும்புக்குத் தட்டுப்பாடு, கார் என்பது ஆடம்பரம் என்று அன்றைக்கு நினைத்தார்கள். கார் உற்பத்தியை விரல்விட்டு எண்ணக்கூடிய சில கம்பெனிகளோடு நிறுத்திக்கொண்டார்கள்.

நாயுடுவைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் அரசாங்கத்தைத் திட்டிவிட்டு அடுத்த பாராவுக்குப் போய்விடுவார்கள். எனக்கும் கோபம் வருகிறது. ஆனாலும் டிப்ளமோக்காரன் என்கிற முறையில் ஒன்று சொல்லணும். ஒரு கார் செய்வது வேறு, ஒரே மாதிரி பத்தாயிரம் கார் செய்வது வேறு. பட்டறையில் அரத்தை வைத்துத் தேய்த்துப் பொருத்திய பிஸ்டன் அந்த ஒரு வண்டிக்குத்தான் சரியாக உட்காரும். ஜிக், கேஜ், ஒரே அளவில் வருகிற வார்ப்படம் எல்லாம் இருந்தால்தான் கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பாகத்தையும் எந்த வண்டியிலும் மாட்டலாம். 2,000 ரூபாய்க் கணக்கு அதையும் தாங்கியிருக்குமா? செய்யவிட்டுப் பார்த்திருந்தால் விடை தெரிந்திருக்கும். விடவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். சாதாரணக் குடும்பம் ஏறக்கூடிய கார் என்று மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில். முப்பத்தொரு வருஷம் கழித்து! விலையும் 47,500 ரூபாய்.

இங்கே நம்ம ஊர்க்காரர் ஒருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். டி.வி. சுந்தரம் அய்யங்கார் (1877–1955) 1911-இல் கம்பெனி தொடங்கி, மதுரையை மையமாக வைத்து பஸ் ஓட்டியவர். அவரும் பஸ்ஸிலிருந்து பட்டறைக்குப் போனவர்தான். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது கரியை எரித்து வாயு உண்டாக்கி வண்டி ஓட்டும் கருவியை டி.வி.எஸ். தயாரித்து விற்றது. அதன் பிறகு அவர்கள் போன பாதை வேறு. வெளிநாட்டுக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து, ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு தொழிற்சாலை கட்டினார்கள். 1961-இல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962-இல் பிரேக்ஸ் இந்தியா. முழு வண்டி என்று டி.வி.எஸ். 50 மொபெட் வந்தது 1980-இல். பொறுமையாகக் காத்திருந்து உரிமம் வாங்குகிற குணம் அது. நாயுடுவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. செய்து காட்டிவிட்டு அப்புறம் அனுமதி கேட்கிற ஆள். நம்மில் பலர் வேலை தேடிப் போவது அய்யங்கார் வழிக் கம்பெனிகளுக்கு. ஆனால் ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து பேசுவதோ நாயுடு மாதிரி ஆட்களைப் பற்றி!

கடைசியாக நமக்கு ரொம்ப நெருக்கமான விஷயம். 1945-இல் கோவையில் ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு பொறியியல் கல்லூரியும் வருவதற்கு முன்நின்றவர் இதே நாயுடு. அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரை அவற்றுக்கு வைத்தார்கள். மூன்றாம் வகுப்பு படித்தவர் கல்லூரிக்கு முதல்வராகவும் உட்கார்ந்தார்! இன்றைக்குக் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்று நாம் சொல்கிற இடத்தின் ஆரம்பம் அதுதான்.

உட்கார்ந்தவர் சும்மா இருந்தாரா? பொறியியல் படிப்புக்கு நாலு வருஷம் வீண், இரண்டு வருஷம் போதும் என்று வாதாடினார். பிரிட்டிஷ் அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

நண்பர்களே, இதைப் படித்தபோது எனக்கு முதலில் ஒரே குஷி. மூன்று வருஷ டிப்ளமோ முடித்து, லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் வருஷம் சேர்ந்து, மறுபடி மூன்று வருஷம் படிக்கப்போகிறவன் நான். நாயுடு சொன்னபடி நடந்திருந்தால் எவ்வளவு வருஷம் மிச்சம் என்று கணக்குப் போட்டேன். அப்புறம் யோசித்தேன். இரும்பைப் பிரித்துப் பார்த்தால் தெரிகிற விஷயம் உண்டு, தெரியாத விஷயமும் உண்டு. மேலே சொன்ன சைலன்சரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை எத்தனை தடவை அறுத்து உள்ளே பார்த்தாலும் அந்த அழுத்த அலை கண்ணுக்குத் தெரியாது. அது தெர்மல் வகுப்பில், கரும்பலகையில்தான் தெரியும். அதனால் வகுப்பு வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் வகுப்பு நேரத்தில் பாதியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொடு, பையன் கையில் கிரீஸ் படட்டும் என்று அவர் கேட்டிருந்தால் அதற்கு இன்றைக்கே நான் கையெழுத்துப் போடுவேன். நம்ம சிலபஸில் இருக்கிற ஒர்க்‌ஷாப் நேரம் எவ்வளவு, அதில் உண்மையில் ஸ்பேனர் பிடிக்கிற நேரம் எவ்வளவு என்பது நமக்குத் தெரியும். சங்கத்தின் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் அதைச் சேர்க்கலாம்.

1974 ஜனவரி 4-ஆம் தேதி ஜி.டி. நாயுடு இறந்தார். மாருதியை அவர் பார்க்கவில்லை.

அந்த மாருதி 800 என்ஜினையே எடுத்து, குறைந்த செலவில் ஒற்றை ஆள் உட்காரும் ரேஸ் கார் கட்டியவரும் கோயம்புத்தூர்க்காரர்தான். மில் குடும்பத்தில் பிறந்த கரிவர்தன் (1954–1995). அவரே ரேஸ் ஓட்டுநர். ஃபார்முலா மாருதி என்ற அந்த வகைக் காரில்தான் தமிழ்நாட்டுப் பையன்கள் பலர் ரேஸ் கற்றார்கள். 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் ஆரம்பத்தில் அதை ஓட்டியவர். வான் விபத்தில் இறந்துபோன கரிவர்தன் பெயரில் 2003-இல் செட்டிபாளையத்தில் ரேஸ் டிராக் வந்தது. மதுரைப் பக்கம் அப்படி ஒன்றும் இல்லை. கோடையில் தண்ணீர் வற்றிய கண்மாய்தான் நமக்கு டிராக். பழைய மாருதியில் பின் சீட்டைக் கழற்றிவிட்டு, புழுதி பறக்க நாலு சுற்றுச் சுற்றுகிற கூட்டம் மேலூர்ப் பக்கம் உண்டு. 1967-இல் இங்கிலாந்தில் பாதி மண், பாதி தார்ச் சாலையில் ரேலிகிராஸ் என்று ஆரம்பித்தார்களே, கிட்டத்தட்ட அதுதான். தார்தான் இல்லை, தலைக்கவசமாவது போடுங்கப்பா!

நாயுடுவின் பெயரைக் கோவை மறக்கவில்லை. அவினாசி ரோட்டில் 2025-இல் திறந்த, ஏறக்குறைய 10 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலத்துக்கு அவர் பெயர்தான். அதே ரோட்டில் அவர் குடும்பத்தார் வைத்திருக்கும் கண்காட்சியும், பழைய கார்களுக்கென்றே கீடீ கார் மியூசியமும் இருக்கின்றன. இந்த வருஷ இன்டஸ்ட்ரியல் விசிட்டுக்கு இன்னும் ஊர் முடிவாகவில்லை என்று கேள்விப்பட்டேன். கோயம்புத்தூர் என்று முடிவானால், தாராபுரம் வழியாகப் போகாமல் பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாக விடச் சொல்லி டிரைவர் அண்ணனிடம் கேட்கணும். கொஞ்சம் சுற்றுத்தான். பழனியில் காலை டிபன் முடித்துக் கிளம்பினால், 1920-இல் அவர் ஹேண்டில் பிடித்து ஓட்டிய அதே தடத்தில் போகலாம்.